புத்ருஸ் ஊரின் 55 மறியல்கள்

பத்து மாதத்தில் 55 மறியல். சராசரியாக ஐந்தாறு நாளுக்கு ஒன்று. புத்ருஸ் என்ற அந்தப் பாலஸ்தீனச் சிற்றூரில் ஏறத்தாழ 1,500 பேர். கைக்குழந்தைகள், படுக்கையில் கிடக்கும் முதியவர்கள், வேலைக்கு வெளியே போனவர்கள் என்று கழித்துக்கொண்டே வந்தால், நிலத்துக்கு இறங்கக்கூடியவர்கள் சில நூறு பேர்தான். 2003 நவம்பரில் தொடங்கி, மழைக்காலம் முழுக்க, அதன்பின் கோடையிலும், புல்டோசர் வந்தபோதெல்லாம் அந்தச் சில நூறு பேர் தங்கள் ஒலிவத் தோப்புக்குப் போய் நின்றார்கள். கையில் ஆயுதம் இல்லை. முடிவில் இஸ்ரேல் அரசு தன் தடுப்புவேலியின் தடத்தை ஊர் நிலத்திலிருந்து விலக்கி, 'பச்சைக் கோடு' எனப்படும் எல்லையை ஒட்டிக் கொண்டுபோனது. ஜூலியா பாச்சா இயக்கி 2009-இல் வெளிவந்த ஆவணப்படம் அந்த ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது: 'புத்ருஸ்'.

இந்தப் படத்தைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள் ஏராளம். நெகிழ்வதில் தவறில்லை. ஆனால் இதை ஒரு வேலைக் குறிப்பேடாகவும் பார்க்கலாம், பார்க்க வேண்டும். யார் முன்னால் நின்றார்கள், யார் பின்னால், யாரை ஊர் அழைத்தது, எந்த இடத்தில் ஒழுங்கு குலைந்தது, குலைந்ததும் என்ன விலை கொடுத்தார்கள் என்பதெல்லாம் படத்தில் இருக்கிறது. அகிம்சை என்றால் மனத்தூய்மை என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்துப் பழகிவிட்டோம். புத்ருஸில் அது தச்சுவேலை போல, கற்றுக்கொண்டு செய்கிற காரியமாக இருக்கிறது. அளவு தவறினால் மூட்டு பொருந்தாது.

முதலில் இடம். புத்ருஸ், இஸ்ரேல் 1967 முதல் ஆக்கிரமித்திருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையின் மேற்கு விளிம்பில், ரமல்லாவுக்கு மேற்கே, பச்சைக் கோட்டை ஒட்டி இருக்கும் சிற்றூர். பச்சைக் கோடு என்பது 1949 போர்நிறுத்தத்தின்போது வரைபடத்தில் இழுத்த எல்லை. பக்கத்து ஊர் கிப்யா. 1953 அக்டோபரில் இஸ்ரேலியப் படை ஒன்று இரவில் புகுந்து, வீடுகளை வெடிவைத்துத் தகர்த்து, 69 பேரைக் கொன்ற அதே கிப்யா. அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஏரியல் ஷரோன். ஐம்பது ஆண்டு கழித்து புத்ருஸுக்குப் புல்டோசர் வந்தபோது இஸ்ரேலின் பிரதமரும் அவரே. அந்த வட்டாரத்து முதியவர்களுக்கு இதை யாரும் நினைவூட்ட வேண்டியிருந்திருக்காது.

வேலி ஏன் வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் இன்திஃபாதா, அதாவது பாலஸ்தீனர்களின் இரண்டாம் எழுச்சி, நடந்துகொண்டிருந்த காலம் அது. பேருந்திலும் உணவகத்திலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 2002 மார்ச் 27 அன்று, யூதர்களின் பாஸ்கா பண்டிகை இரவில், நெதன்யா நகர ஹோட்டல் ஒன்றில் வெடித்த குண்டுக்கு மட்டும் 30 பேர் பலியானார்கள். அந்த ஆண்டு ஜூனில் அரசு வேலித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சாதாரண இஸ்ரேலியருக்கு அது உயிர்ப் பயத்துக்கு விடையாகத் தெரிந்தது. சிக்கல், வேலி எங்கே போகிறது என்பதில் இருந்தது. பச்சைக் கோட்டின் நீளம் ஏறத்தாழ 320 கி.மீ. திட்டமிட்ட வேலியின் நீளம் ஏறத்தாழ 700 கி.மீ. எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளும் ஒரு வேலி எல்லையில் போகவில்லை என்பது கூட்டல் கழித்தல் தெரிந்த எவருக்கும் விளங்கும். வளைந்து வளைந்து உள்ளே நுழைந்தது. தடத்தின் 85 விழுக்காடு மேற்குக் கரைக்கு உள்ளேதான். பாதுகாப்புக்குத்தான் வேலி என்றால் அதை உங்கள் எல்லையில் கட்டிக்கொள்ளுங்கள், எங்கள் தோப்பில் ஏன் கட்டுகிறீர்கள்? புத்ருஸ் மக்கள் கேட்டது இவ்வளவுதான். இந்தக் கேள்வியின் எளிமைதான் அவர்களுடைய முதல் பலம். 'ஆக்கிரமிப்பு ஒழிக' என்று மட்டும் சொல்லியிருந்தால் எதிரே நின்ற சிப்பாயும் டெல் அவீவில் தொலைக்காட்சி பார்ப்பவரும் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

'சுவர்' என்றதும் நம் மனதில் வருவது எட்டு மீட்டர் உயரக் கான்கிரீட் பலகைகள். அது நகரங்களை ஒட்டி, மொத்த நீளத்தில் சிறு பகுதிதான். வயல்வெளியில் அது வேறு உருவம் எடுக்கிறது. நடுவே உணர்கருவி பொருத்திய கம்பிவேலி. அதன் இருபுறமும் ரோந்துப் பாதை, கால்தடம் தெரிவதற்காக மண்ணைச் சீவி வைத்த பட்டை, ஒரு அகழி, கூம்பாக அடுக்கிய முள்சுருள். எல்லாம் சேர்ந்து சராசரியாக 60 மீட்டர் அகலம். ஒரு கிலோமீட்டர் வேலிக்கு 60 துனம் நிலம் போகும். துனம் என்பது ஆயிரம் சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட். ஆக, ஒரு கிலோமீட்டருக்குப் பதினைந்து ஏக்கர். இது வேலி உட்காரும் இடம் மட்டுமே. வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும் நிலம் தனிக் கணக்கு. அதற்குப் போக வேண்டுமானால் வாயிற்கதவு வேண்டும், அனுமதிச்சீட்டு வேண்டும், சிப்பாய் நேரத்துக்கு வந்து கதவைத் திறக்க வேண்டும். புத்ருஸில் முதலில் குறித்த தடப்படி 1,200 துனம், அதாவது 300 ஏக்கர் போயிருக்கும். 3,000 ஒலிவ மரங்கள் போயிருக்கும். தடம் ஊர்க் கல்லறையையும் உரசிச் சென்றது.

ஒலிவ மரம் போனால் வேறு நட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: கன்று வைத்தால் ஓரளவு காய்ப்பு வர ஐந்தாறு ஆண்டுக்கு மேல் ஆகும், நன்றாகக் காய்க்க இன்னும் நாளாகும், ஒரு ஆண்டு காய்த்தால் மறு ஆண்டு குறையும். பாட்டன் வைத்த மரத்தில் பேரன் எண்ணெய் எடுப்பதுதான் அங்கே வழக்கம். இதில் சட்டச் சிக்கலும் உண்டு. 1858-ஆம் ஆண்டு உதுமானியர் காலத்து நிலச் சட்டத்தின்படி, தொடர்ந்து மூன்று ஆண்டு பயிரிடாமல் தரிசாகக் கிடக்கும் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். நம் பாஷையில் சொன்னால், பட்டா நிலம் புறம்போக்காகிவிடும். 1980-களிலிருந்து மேற்குக் கரையில் பெரும் பரப்பை அரசு நிலமாக அறிவிக்க இந்தப் பழைய விதியைத்தான் இஸ்ரேல் நிர்வாகம் எடுத்தாண்டது. வேலிக்கு அப்பால் சிக்கிய நிலத்துக்கு விவசாயி போக முடியாமல் மூன்று ஆண்டு கழிந்தால் என்ன ஆகும் என்பதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்பவர்களுக்குள் அந்தக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி மறியல். படத்தின் நடுநாயகம் அயத் மொரார். பாலஸ்தீனர்களின் பெரிய கட்சிகளில் ஒன்றான ஃபதாவைச் சேர்ந்தவர், இஸ்ரேலியச் சிறையில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர். அவர் செய்த முதல் வேலை, உள்ளூர்க் கட்சிகளை ஒரே கமிட்டியில் உட்காரவைத்தது. ஃபதாவுக்குப் போட்டியான ஹமாஸின் உள்ளூர்த் தலைவர் அகமது அவ்வாத் உட்பட. 2003-இல் இது சாதாரணமில்லை. ஊருக்குள் இரண்டு கொடி இருந்தால் இரண்டு ஊர்வலம் போகும், இரண்டு ஊர்வலம் போனால் இரண்டு ஒழுங்கு இருக்கும், எந்த ஒழுங்கு தளர்வானதோ அதுதான் அன்றைய நாளைத் தீர்மானிக்கும். கமிட்டி இதைப் புரிந்துகொண்டிருந்தது.

மறியலின் நோக்கம் என்ன என்பதில் பல ஊர்கள் குழம்பிப்போகின்றன. கூட்டம் சேர்ப்பதா, செய்தியில் வருவதா, வேலையை நிறுத்துவதா? புத்ருஸுக்கு மூன்றாவதுதான். புல்டோசர் ஓடாத ஒவ்வொரு மணி நேரமும் வெற்றிக் கணக்கில் சேரும். ஆகவே நாள் குறித்து ஊர்வலம் போவதைவிட, இயந்திரம் வரும் நாளில் அதன் முன்னால் நிற்பது முக்கியம். இதற்கு விடியற்காலையில் பார்வை வேண்டும். எந்தச் சாலையில் ராணுவ ஜீப் வருகிறது, எந்தப் பக்கம் மரம் அறுக்கும் ஆட்கள் இறங்குகிறார்கள் என்று தெரிந்து, ஊரைக் கூட்டி, படைவரிசை அமைவதற்குள் போய்ச் சேர வேண்டும். படை முதலில் வந்து வரிசை கட்டிவிட்டால், கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் வரிசைக்கு இப்பால்தான் நிற்கும். அப்பால் இயந்திரம் நிம்மதியாக வேலை பார்க்கும். கூட்டம் முதலில் போய்ச் சேர்ந்தால் ஆளை ஒவ்வொருவராகத் தூக்கி அகற்ற வேண்டும். ஒரு ஆளைத் தூக்க நாலு சிப்பாய். அந்த விகிதத்தில்தான் நேரம் கிடைக்கிறது.

படையின் கையில் இருக்கும் முதல் கருவி காகிதம். 'மூடிய ராணுவப் பகுதி' என்று ஒரு தாளைக் காட்டினால், தன் சொந்தத் தோப்பில் நிற்பவரும் அத்துமீறியவர் ஆகிவிடுவார். அதற்குப் பின்னால் 1967 ஆகஸ்டில் பிறப்பித்த 101-ஆம் எண் ராணுவ ஆணை இருக்கிறது. அரசியல் நோக்கத்துக்காகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ முன்அனுமதி இல்லாமல் கூடினால் குற்றம். பத்து ஆண்டு வரை சிறை. ஆக, அமைதியான மறியல் என்பதே அங்கே சட்டப்படி இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் 'அவர்கள் ஏன் அமைதியாகப் போராடக் கூடாது' என்று கேட்பவர்களை அடிக்கடி காண்கிறோம். போராடினார்கள். அதற்கும் சிறைதான்.

அடுத்தது கண்ணீர்ப்புகை, ஒலிக்குண்டு, ரப்பர் குண்டு. ரப்பர் குண்டு என்ற பெயரே ஏமாற்று: உள்ளே உலோகம், மேலே மெல்லிய ரப்பர் உறை. சில பத்து மீட்டருக்குள்ளிருந்து தலையிலோ நெஞ்சிலோ பட்டால் உயிர் போகும். கண்ணீர்ப்புகைக்கு இந்த ஊர்களில் பழகிய முறைகள் உண்டு. வெங்காயத்தை வெட்டி முகர்வது, ஸ்பிரிட் நனைத்த பஞ்சை மூக்கருகே பிடிப்பது, கண்ணைக் கசக்காமல் இருப்பது, காற்று வரும் திசை பார்த்துப் பக்கவாட்டில் நகர்வது. எல்லாவற்றையும்விட முக்கியம் ஓடாமல் நடப்பது. ஓடினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் புகை இரட்டிப்பாக உள்ளே போகும், முன்னால் ஓடுபவரைப் பார்த்துப் பின்னால் இருப்பவரும் ஓடுவார். ஒரு மறியல் கலைவது பெரும்பாலும் புகையால் இல்லை, அந்த ஓட்டத்தால். விழுந்த புகைக்குப்பியைக் கையால் எடுக்கவும் கூடாது, தீயாய்ச் சுடும். கோடையில் அதுவே காய்ந்த புல்லில் தீ வைத்து மரத்தையும் எரித்துவிடும்.

படத்தின் உச்சம் பெண்கள் வந்து சேர்வது. முதல் மறியல்களில் ஆண்கள்தான் இருந்தார்கள். அயத்தின் மகள் இல்திஸாம், பதினைந்து வயதுப் பள்ளி மாணவி, பெண்கள் ஏன் இல்லை என்று தந்தையைக் கேட்டார். அடுத்த மறியலில் பெண்கள் அணி வந்தது. கொள்கையளவில் அது நியாயமானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நடைமுறையில் அது களத்தையே மாற்றியது. படைவரிசையில் நிற்கும் இளைஞனுக்கு எதிரே இன்னொரு இளைஞன் வந்தால் என்ன செய்வதென்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எதிரே அவன் பாட்டி வயதில் ஒரு பெண் வந்து நெஞ்சோடு நெஞ்சு முட்டினால் அந்தப் பயிற்சியில் விடை இல்லை. அவன் தயங்குகிற இரண்டு விநாடியில் வரிசையில் இடைவெளி விழுகிறது. அப்படி விழுந்த இடைவெளியில்தான் இல்திஸாம் ஓடி, புல்டோசர் தோண்டிக்கொண்டிருந்த குழிக்குள் குதித்தார். ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினார்.

இதை வீரச்செயல் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிதான் சொன்னதாகும். குழிக்குள் குதிப்பது பலிக்க மூன்று வேண்டும். ஓட்டுநர் கீழே ஆள் இருப்பதைப் பார்க்க வேண்டும், படம்பிடிக்கும் கருவி அருகில் இருக்க வேண்டும், குதித்தவர் தனியாக இருக்கக் கூடாது. 2003 மார்ச்சில் காசாவின் ரஃபாவில் அமெரிக்க ஆர்வலர் ரேச்சல் கோரி புல்டோசர் முன் நின்று இறந்தார். ஓட்டுநர் அவரைப் பார்க்கவில்லை என்று ராணுவம் சொன்னது. பார்த்தார் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். புத்ருஸ் மறியல் தொடங்குவதற்கு எட்டு மாதம் முன்புதான் அது. அந்தச் சிறுமி எதை எதிரே வைத்துக் குதித்தார் என்பதை எண்ணும்போது உடல் நடுங்குகிறது.

எல்லைக் காவல்படையில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கிய யாஸ்மின் லெவி என்ற இளம்பெண்ணும் படத்தில் பேசுகிறார். ஊர்ப்பெண்கள் அவர் பெயரைத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். எதிரில் நிற்பவரைப் பெயர் சொல்லி அழைப்பது நம் ஊர்ச் சண்டையிலும் ஒரு உத்தி: முகமில்லாத சீருடை ஒரு ஆளாக மாறிவிடும், ஆளாக மாறியவருக்குத் தடியை ஓங்க ஒரு கணம் கூடுதலாக ஆகும். லெவி மனம் மாறிவிட்டார் என்று படம் காட்டவில்லை. தன் கடமையைச் செய்ததாகவே பேசுகிறார். அப்படியே அவரை விட்டுவைத்ததுதான் இயக்குநரின் நேர்மை.

இஸ்ரேலியர்களின் பங்கு பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அமைதிப் பணி என்றால் ஒரு ஹோட்டல் அறையில் இரு தரப்பு இளைஞர்களும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது என்றொரு வடிவம், இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் 1993-இல் செய்த ஓஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பின் பெருகியது. பாலஸ்தீனர்கள் பலர் அதை 'தத்பீ' என்று ஒதுக்குகிறார்கள். ஆக்கிரமிப்பு அப்படியே இருக்க, எல்லாம் சகஜமாகிவிட்டது போல நடிப்பது என்று பொருள். பேச்சு முடிந்து ஒருவர் தடையில்லாமல் வீட்டுக்குப் போகிறார், மற்றவர் சோதனைச் சாவடியில் மூன்று மணி நேரம் நிற்கிறார். அந்தக் கோபம் நியாயமானது. புத்ருஸில் நடந்தது வேறு. ஊர் அழைத்தது, இஸ்ரேலியர்கள் வந்தார்கள், முடிவெடுக்கும் உரிமை கமிட்டியிடமே இருந்தது. விருந்தாளி சமையலறைக்குள் வந்து உப்பு போடுவதில்லை.

அவர்கள் வந்ததால் கிடைத்தது ஒற்றுமை உணர்வு மட்டுமில்லை. ஒரே தோப்பில், ஒரே நிமிடத்தில், ஒரே காரியத்துக்காகக் கைதாகும் இருவரில் இஸ்ரேலியர் குடிமை நீதிமன்றத்துக்குப் போவார், பாலஸ்தீனர் ராணுவ நீதிமன்றத்துக்குப் போவார். இஸ்ரேலியர் பெரும்பாலும் மறுநாளே வெளியே வந்துவிடுவார். பாலஸ்தீனரை 'நிர்வாகக் காவல்' என்ற பெயரில் குற்றச்சாட்டே இல்லாமல் ஆறு மாதம் வைக்கலாம், அதை மீண்டும் மீண்டும் நீட்டிக்கலாம். கூட்டத்தில் இஸ்ரேலியர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் துப்பாக்கி பிடித்த கையும் தயங்கும். இந்த அநீதியான வேறுபாட்டையே அவர்கள் கேடயமாகத் திருப்பிப் பிடித்தார்கள். கேடயம் எப்போதும் காப்பாற்றியதில்லை. 2003 டிசம்பரில் மஸ்ஹா என்ற ஊரில் வேலிக் கதவை அசைத்த கூட்டத்தில் இருந்த இஸ்ரேலிய இளைஞர் ஒருவரே காலில் சுடப்பட்டார். அதன்பின் இஸ்ரேலியப் பத்திரிகைகள் இந்த மறியல்களைக் கவனிக்கத் தொடங்கின. நூற்றுக்கணக்கான பாலஸ்தீனர் அடிபட்டபோது வராத கவனம் அது. வேதனையான உண்மை. ஹமாஸ்காரரான அகமது அவ்வாத் இந்த இஸ்ரேலியர்களோடு தோள் சேர்ந்து நடந்ததைப் பற்றிப் படத்தில் பேசும் இடம், நீண்ட அரசியல் உரைகள் பலவற்றைவிடக் கனமானது.

கல்லுக்கு வருவோம். படத்தில் கல் இருக்கிறது. படை ஊருக்குள்ளேயே நுழைகிறது, இளைஞர்கள் கல் எறிகிறார்கள், உண்மைத் தோட்டாவின் சத்தம் கேட்கிறது. 'அகிம்சைப் போராட்டம் என்றீர்களே' என்று கேட்பவர்கள் இங்கேதான் நிறுத்துவார்கள். பாலஸ்தீனர்களில் பலர் கல்லை ஆயுதமாகவே கருதுவதில்லை. முதல் இன்திஃபாதாவில் பீரங்கி வண்டி முன் கல்லோடு நின்ற சிறுவன் அவர்கள் கண்ணில் கோலியாத்தின் முன் நின்ற தாவீது. இந்த ஊர்களில் 'அகிம்சை' என்ற சொல்லே அதிகம் புழங்குவதில்லை. 'மக்கள் எதிர்ப்பு' என்பார்கள். இன்னொரு சொல் 'ஸுமூத்'. கால் ஊன்றி நகராமல் நிற்பது, விடாப்பிடி. வெளியிலிருந்து வரும் நாம்தான் அகிம்சை என்ற அளவுகோலை எடுத்து நீட்டுகிறோம்.

ஆனாலும் கமிட்டி கல்லுக்கு எதிராகவே நின்றது. அதன் காரணம் கணக்கு சார்ந்தது. ஒரு கல் பறந்தால் மொத்தக் கூட்டமும் 'கலவரம்' என்ற தலைப்புக்கு மாறிவிடும். தயங்கிக்கொண்டிருந்த சிப்பாய்க்குத் தயக்கம் தீரும். பாட்டிகளும் சிறுமிகளும் முன்வரிசையில் நிற்க முடியாமல் போகும்; கூட்டம் இளைஞர் மட்டுமாகச் சுருங்கும்; சுருங்கிய கூட்டத்தைக் கலைப்பது எளிது. கல் எங்கே கிளம்புகிறது என்று கவனித்தால் அதைத் தடுக்கும் வழியும் தெரியும். முன்வரிசையிலிருந்து அது அபூர்வமாகவே வரும். பின்னால், தூரத்தில், என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிற்கும் பதின்வயதுப் பையன்களிடமிருந்து வரும். மறியல் முடிந்து பெரியவர்கள் திரும்பிக்கொண்டிருக்கும் அரைமணி நேரத்தில் வரும். ராணுவ ஜீப் வீட்டுச் சந்துக்குள் நுழையும்போது நிச்சயம் வரும். ஆகவே முன்வரிசைக்குத் தைரியசாலிகளை வைப்பதைவிடப் பின்வரிசைக்கு மதிப்புள்ள ஆட்களை வைப்பது முக்கியம்: வாத்தியார், மாமா, பையன்கள் பேச்சுக் கேட்கிற யாராவது. எல்லோரும் முன்னால் நிற்க ஆசைப்படுவார்கள். பின்னால் நிற்கும் வேலைக்கு ஆள் கிடைப்பதுதான் கடினம்.

புத்ருஸ் ஏன் வென்றது? மறியல் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட்டால் மற்ற ஊர்களுக்கு அநியாயம் செய்ததாகும். பச்சைக் கோடு அருகிலேயே இருந்ததால் தடத்தை நகர்த்துவது அரசுக்கு எளிது. காலமும் கூடி வந்தது. 2004 பிப்ரவரியில் ஹேக் நகரச் சர்வதேச நீதிமன்றத்தில் வேலி பற்றிய விசாரணை நடந்தது. ஜூன் 30 அன்று இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே பேத் சூரிக் ஊர் வழக்கில், வழக்குக்கு உட்பட்ட 40 கி.மீ. தடத்தில் 30 கி.மீ.யை ரத்து செய்தது. கிடைக்கும் பாதுகாப்புக்கும் விவசாயி படும் சேதத்துக்கும் பொருத்தமில்லை என்றது. ஜூலை 9 அன்று ஹேக் நீதிமன்றம் மேற்குக் கரைக்குள் கட்டும் வேலி சர்வதேசச் சட்டத்துக்கு முரண் என்று கருத்துரைத்தது. இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது புத்ருஸில் வேலி முடிந்துபோயிருந்தால் என்ன பயன்? வாரம் தவறாமல் புல்டோசரை நிறுத்தியதால் வேலை இழுத்துக்கொண்டே போனது. இழுத்துக்கொண்டே போனதால் வெளியே காற்று மாறும்வரை மரங்கள் நின்றன. மறியலின் உண்மையான விளைச்சல் இந்த அவகாசம்தான்.

பக்கத்து ஊர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பில்இன் 2005-இல் தொடங்கி, வெள்ளிக்கிழமை தோறும் தொழுகைக்குப் பின் மறியல் நடத்தியது. நாளும் நேரமும் நிலையானதால் வெளியூர் ஆட்களும் பத்திரிகையாளரும் வர வசதி. படைக்கும் அதே வசதி. 2007 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தடத்தை மாற்றச் சொல்லியும், வேலி உண்மையில் நகர 2011 ஜூன் ஆனது. இடையில் 2009 ஏப்ரலில் பாஸம் அபு ரஹ்மா என்ற இளைஞர், நேராக நெஞ்சில் வந்து பட்ட கண்ணீர்ப்புகைக் குண்டால் இறந்தார். மறியலை ஒருங்கிணைத்த அப்துல்லா அபு ரஹ்மாவை ராணுவ நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில் பன்னிரண்டு மாதத் தண்டனை பதினாறாக உயர்ந்தது. ஒருங்கிணைப்பாளரைத் தூக்கினால் ஒழுங்கு தளரும் என்பது எல்லாப் படைகளுக்கும் தெரியும். அதனால்தான் முகம் தெரிந்த தலைவர் ஒருவரை மட்டும் நம்பும் ஊர் சீக்கிரம் தோற்கிறது.

படம் எடுத்த விதமும் இந்தக் கதையின் ஒரு பகுதி. மறியல் நடந்த காலத்தில் பாச்சாவின் குழு அங்கே இல்லை. அன்று களத்தில் இருந்த ஆர்வலர்கள் தங்கள் கைக்கருவிகளில் பிடித்த காட்சிகளைத் தேடிச் சேர்த்து, பிறகு எடுத்த நேர்காணல்களோடு கோத்துத்தான் படம் உருவானது. தயாரித்த 'ஜஸ்ட் விஷன்' அமைப்பில் பாலஸ்தீனர், இஸ்ரேலியர், பிற நாட்டினர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். இதிலிருந்து கற்க நிறைய இருக்கிறது. இன்று கைபேசியால் மறியலைப் பிடிப்பவர் அடிவிழும் கணத்தை மட்டும் பிடிக்கிறார். பத்து ஆண்டு கழித்து அதைப் பார்ப்பவருக்கு எந்த ஊர், எந்த நாள், அதற்கு முன் என்ன நடந்தது என்று தெரியாது. நீதிமன்றத்தில் அது நிற்காது, படத்தொகுப்பிலும் நிற்காது. உயரமான இடத்திலிருந்து ஒரு கருவி முழுக் களத்தையும் நிறுத்தாமல் பிடிக்க வேண்டும், கூட்டத்துக்குள் இன்னொன்று முகங்களைப் பிடிக்க வேண்டும், தேதியை வாயால் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும், பதிவை அன்றே ஊரைவிட்டு வெளியே அனுப்பிவிட வேண்டும்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. வெற்றிக் கதை என்பதால் வேகமாக ஓடுகிறது. 55 மறியல் என்பது திரையில் ஒரு எண்ணாகக் கடந்துவிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை சலிப்பாகவும் தோல்வியாகவும் முடிந்திருக்கும்: போனார்கள், புகை வாங்கினார்கள், அன்றைக்கு இருபது மரம் விழுந்தது, திரும்பினார்கள். மறுநாளும் வர ஊரை யார் எப்படிச் சம்மதிக்கவைத்தார்கள்? கூலி போன வீட்டுக்கு யார் அரிசி கொடுத்தார்கள்? அந்தப் பகுதிதான் மற்ற ஊர்களுக்கு அதிகம் தேவை. அதுதான் திரையில் குறைவு.

2009-இல் இப்படத்தைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வந்தது. இன்று பார்ப்பவருக்குத் தொண்டை அடைக்கும். புத்ருஸின் எதிரே நின்றது சீருடை அணிந்த படை. அதற்குக் கட்டளை அதிகாரி உண்டு, நீதிமன்றம் உண்டு, பதில் சொல்ல ஒரு செய்தித் தொடர்பாளர் உண்டு. தெற்கே ஹெப்ரோன் மலைப்பகுதியின் மசாஃபர் யட்டாவில் இன்று எதிரே வருவது மேற்குக் கரையில் குடியேறிய இஸ்ரேலியர்கள், முகமூடியோடும் ஆயுதத்தோடும். அந்தப் பகுதியைப் பற்றிப் பாலஸ்தீனரும் இஸ்ரேலியரும் சேர்ந்து எடுத்த ஆவணப்படம் 2025 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. சில வாரங்களில் இயக்குநர்களில் ஒருவரான ஹம்தான் பல்லால் தன் ஊரில் தாக்கப்பட்டு ராணுவக் காவலில் அடைக்கப்பட்டார். அதே படத்துக்கு உதவிய அவ்தா ஹதலீன் ஜூலையில் உம்முல் கைரில் சுட்டுக் கொல்லப்பட்டார். புத்ருஸின் உத்திகள் எதிராளிக்கு வெட்கமோ செலவோ உண்டு என்ற அடிப்படையில் கட்டியவை. அந்த அடிப்படை தேயும் இடத்தில் வெளியிலிருந்து வரும் ஆட்களின், கண்களின் எண்ணிக்கை இன்னும் கூட வேண்டும்.

வகுப்பறையிலோ வாசகர் வட்டத்திலோ இதைத் திரையிட நினைப்பவர்களுக்கு: படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதலில் பத்து நிமிடம் ஒரு வரைபடத்தை விரித்து, பச்சைக் கோட்டையும் வேலித் தடத்தையும் இரு நிறத்தில் காட்டுங்கள். துனம் என்றால் எத்தனை சென்ட் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் கேள்வி நேரம் முழுக்க 'யார் பக்கம் நியாயம்' என்ற பழைய வாதத்திலேயே கழியும். குழிக் காட்சியை இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் முறை எல்லோரும் அந்தச் சிறுமியைத்தான் பார்ப்பார்கள். இரண்டாம் முறை சிறுமியை விட்டுவிட்டு, சிப்பாய்களின் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அவர்களை அந்தப் பக்கம் இழுத்து வைத்திருப்பவர்கள் யார் என்று பார்க்கச் சொல்லுங்கள்.